எனக்கென்று மிஞ்சிய வெயில்

போன வருஷம் நோன்புப் பெருநாள் முடிந்து, கண்டிப் பக்கம் கல்யாணங்கள் வரிசைகட்டி நின்ற நேரம் அது. கட்டுகஸ்தோட்டையில், மகாவலி ஆற்றைப் பார்த்தபடி மேட்டில் இருக்கும் ஒரு முஸ்லிம் வீட்டில், கல்யாணத்துக்கு முதல்நாள் பின்னேரம் நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

என் தொழில் படம் பிடிப்பது. கணவரும் நானும் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறோம். கல்யாணம், பூப்புனித நீராட்டு, பிறந்தநாள், பாஸ்போர்ட் படம் என்று வருகிற எதையும் விடுவதில்லை. முஸ்லிம் வீடுகளில் பெண்களைப் பெண்தான் படமெடுக்க வேண்டும் என்று கேட்பார்கள். அந்த வேலைகள் எல்லாம் என் தலையில். சீசன் வந்தால் வீட்டில் சமையல் நடக்கிறதா, பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று தொலைபேசியில்தான் விசாரிப்பேன்.

அன்றைக்கு அது மூன்றாவது இடம். காலையில் ஒரு கோயில் கல்யாணம், ஓமப்புகையில் கண் எரிந்துபோயிருந்தது. மத்தியானம் பேராதனைப் பூங்காவில் ஒரு ஜோடி. கல்யாணத்துக்கு முன்னமே சண்டை பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் சிரிக்க வைப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அங்கேயிருந்து பஸ் பிடித்து, கண்டி டவுன் நெரிசலில் முக்கால்வாசி நேரம் நின்றபடியே வந்து, மேடு ஏறி அந்த வீட்டு வாசலுக்குப் போகும்போது தோளில் இருந்த கமரா அம்மிக்கல் மாதிரி கனத்தது.

களைப்புக்கு இன்னொரு காரணமும் இருந்தது. என் கழுத்தில் ஒரு கட்டி. முதலில் பாக்கு அளவில் இருந்ததை, தைரொயிட்டாக இருக்கும், எல்லோருக்கும் வருவதுதானே என்று விட்டுவிட்டேன். அது வளர்ந்தது. சால்வையைச் சுற்றி மறைத்துக்கொண்டு திரிந்தேன். வெட்டி எடுத்துப் பார்த்தால்தான் என்னவென்று சொல்ல முடியும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். கணவருக்கு மட்டும்தான் தெரியும். அவரும் நானும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பேசினால் இரண்டு பேரும் உடைந்துபோவோம் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

என்னை அப்போது அரித்துக்கொண்டிருந்தது கத்தி பற்றிய பயம்கூட இல்லை. சொன்னால் சிரிப்பீர்கள். என்னிடம் என் படம் ஒன்று இல்லை.

மடுல்கெல்ல மாதிரி தேயிலைத் தோட்டப் பக்கங்களில் இருந்து எங்கள் கடைக்கு ஆட்கள் வருவார்கள், செத்துப்போன அம்மாவின் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு. அந்தச் சின்னப் படத்தைப் பெரிதாக்கி, கழுத்துக்குக் கீழே ஒரு பட்டுச் சேலையை ஒட்டி, நெற்றியில் பொட்டு வைத்து, பின்னால் நீலத்தைப் போட்டுக் கொடுப்போம். அதைச் சட்டம் போட்டு, மாலை போட்டுச் சுவரில் மாட்டுவார்கள். என் அம்மாவும் அப்படி ஒரு தோட்டத்துக்காரிதான். அவருக்கும் நான்தான் அப்படிச் செய்தேன். உயிரோடு இருந்தவரை அம்மா பட்டு உடுத்தியதே இல்லை. சுவரில் உடுத்தியிருக்கிறார், யாருடைய சேலையையோ. அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கூச்சம் வரும்.

ஆஸ்பத்திரிக்குத் திகதி கிடைத்த பிறகு, கடையில் ஆளில்லாத ஒரு மத்தியானம், கம்ப்யூட்டரில் என் படத்தைத் தேடினேன். ஊர்க்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். நான் ஒரு படத்தில், பின்னாலிருந்த அலுமாரிக் கண்ணாடியில் கமராவோடு பாதி தெரிந்தேன். ஒரு குடும்பப் படத்தின் ஓரத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். அடையாள அட்டையில் திருட்டுக் கேஸில் பிடிபட்டவள் மாதிரி முழித்தேன். அவ்வளவுதான். கணவரிடம் ஒரு படம் எடுங்கள் என்று கேட்டிருக்கலாம். ஆனால் அவரும் இதே தொழில்காரர். ஏன் என்று கேட்க மாட்டார். உடனே விளங்கிவிடும். அதனால் கேட்கவில்லை.

இந்த மனதோடுதான் அந்த வீட்டுக்குப் போனேன்.

மணப்பெண் ஒரு பாலர் பாடசாலை டீச்சர். கைகளில் மருதோண்டி காய்ந்து நன்றாகச் சிவந்திருந்தது. வீடு நிறையப் பெண்கள், சாச்சிமாரும் மாமிமாரும். போனவுடனே என் வழக்கத்தைச் சொன்னேன். படம் எடுக்கும் கார்ட் புதுசு. திருத்த வேண்டியதை இங்கேயே உங்கள் மடிக்கணினியில் திருத்தித் தருவேன். கார்ட் உங்கள் கையிலேயே இருக்கும். கடைக்கு ஒரு பிரதிகூடப் போகாது, என் கணவர்கூடப் பார்க்க மாட்டார். இந்த வார்த்தையை நம்பித்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். ஒரு தடவைகூட நான் அதை மீறியதில்லை.

உள்ளே எடுக்க வேண்டியதெல்லாம் எடுத்து முடித்து, பையை மூடப்போனேன். மணப்பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அக்கா, இன்னொண்டு ஈக்கு. மேல ஸ்லாப்புக்குப் போய், அந்த வெயில்ல, முடிய அவுத்துட்டு ஒரு போட்டோ.”

அவளுடைய உம்மா அதைக் கேட்டுவிட்டார். “பைத்தியமா ஒனக்கு? சுத்திவர வூடு. நாளைக்கி கலியாணம்.”

“சின்னதுல அந்த ஸ்லாப்புலதான் உம்மா நான் முடி காய வெச்ச. பெரிய புள்ளயான பொறகு முக்காடு இல்லாம ஒரு நாளும் அங்க ஏறல்ல. இனி கத்தாருக்குப் போகப் போற. எனக்குப் பாக்க ஒண்டு வேணும், அவ்வளவுதான்.”

எனக்கு மனதுக்குள் எரிச்சல். ஸ்லாப் என்று அவர்கள் சொல்லும் மொட்டைமாடிக்கு ஏறும் படியை நிமிர்ந்து பார்க்கவே அலுப்பாக இருந்தது. தவிரவும் கண்டியில் அந்தி வெயிலை நம்ப முடியாது. சூரியன் மறைய இன்னும் நேரமிருக்கிறது என்று கைபேசி சொல்லும். அதை நம்பி வெளியூரிலிருந்து வருகிற படப்பிடிப்பாளர்கள் ஏமாந்து நிற்பார்கள். இங்கே சூரியன் கடலில் மறைவதில்லை. மலை அதற்கு முன்பே விழுங்கிவிடும்.

“வெயில் இன்னும் கொஞ்ச நேரந்தான் இருக்கும்ங்க. மறைப்பு ஒண்ணும் இல்லாம எப்படி எடுக்கிறது?” என்றேன்.

மணப்பெண்ணின் லாத்தா, அவளுடைய மூத்த சகோதரி, அதுவரை தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்தவர், தட்டை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனார். இரண்டு கைநிறையக் கட்டில் விரிப்புகளோடு வந்தார். “நாங்க எல்லாரும் சுத்திவர புடிச்சிட்டு நிக்கிறோம். வாங்க.”

உம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு அவரே ஒரு விரிப்பைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாகப் படி ஏறினார்.

மேலே போனால், பக்கத்து வீட்டுக் கூரையில் ஒரு மேசன் தண்ணீர்த் தாங்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். லாத்தா சுவரோரம் போய்க் கீழே முற்றத்தில் நின்ற பக்கத்து வீட்டுச் சிங்கள முதலாளியிடம் ஏதோ சொன்னார். அவர் அண்ணாந்து பார்த்து, “ஹரி, ஹரி” என்று, சரி சரி என்பதுபோல் சிங்களத்தில் சொல்லித் தலையாட்டினார். மேசனைக் கீழே கூப்பிட்டு, எங்கள் பக்கம் பார்த்த தன் வீட்டு ஜன்னல்களையும் ஒவ்வொன்றாகச் சாத்தச் சொன்னார். ஒரு கேள்வி கேட்கவில்லை.

பிறகு விரிப்புகள். ரோஜாப்பூப் போட்ட சிவப்பு விரிப்பு ஒன்றை ஒரு மாமி ஆசையாக விரித்துப் பிடித்தார். நான் வேண்டாம் என்றேன். வெயில் பட்டால் அந்தச் சிவப்பு அப்படியே கன்னத்தில் ஏறிவிடும், பிறகு படத்தில் திருத்தவே முடியாது. வெள்ளையும் சந்தன நிறமும் மட்டும் போதும். கல்யாணத்துக்கென்று வந்திருந்த புது விரிப்புகளை மடிப்புக் கலைத்து எடுத்து வந்தார்கள். மேற்குப் பக்கத்தை மட்டும் திறந்து வைத்தோம். அந்தப் பக்கம் ஆறும் அக்கரை மரங்களும்தான், வீடு கிடையாது. மற்ற மூன்று பக்கமும் பெண்கள் தலைக்கு மேல் கையைத் தூக்கி விரிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வெயில் உள்ளே வந்து, வெள்ளைத் துணியில் பட்டுத் திரும்பி, அந்த இடம் முழுக்க நிறைந்துவிட்டது. நான் எத்தனையோ விளக்குகளைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன். அப்படி ஒரு வெளிச்சத்தை எந்த விளக்கிலும் பார்த்ததில்லை.

மணப்பெண் முக்காட்டை எடுத்து, முடியை அவிழ்த்துவிட்டாள். இடுப்புக்குக் கீழே இறங்கியது.

முடி அழகுதான். முகம்தான் வரவில்லை. கைபேசியில் தன்னைத்தானே எடுத்துப் பழகிய முகம், உதட்டைக் குவித்துக்கொண்டு, கன்னத்தை உள்ளே இழுத்துக்கொண்டு. மற்ற நாளாக இருந்தால் ஏதாவது பகிடி விட்டுச் சரிப்படுத்தியிருப்பேன். அன்றைக்கு என்னிடம் ஒரு பகிடிகூட மிச்சமில்லை. “கண்ண மூடிட்டுத் தொறங்க. தலைய கொஞ்சம் சாச்சிக்கங்க” என்று பாடம் ஒப்பிப்பதுபோல் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் கால் தாங்கவில்லை. கவிழ்த்து வைத்திருந்த ஒரு வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். வேர்வை ஒழுகியது. என்னை அறியாமல் கழுத்துச் சால்வையைத் தளர்த்திவிட்டேன்.

அவள் பார்த்துவிட்டாள்.

“அக்கா, கழுத்துல என்ன?”

ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கூடப் பிறந்த தங்கச்சியிடம் சொல்லவில்லை, பெற்ற பிள்ளைகளிடம் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிட்டேன். கட்டி, ஒப்பரேசன், அடுத்த வாரம், பேராதனை ஆஸ்பத்திரியில். மயக்கம் கொடுத்தால் எழும்புவேனோ என்னவோ. எழும்பாவிட்டால் சுவரில் மாட்டக்கூட ஒரு படம் இல்லை, அடையாள அட்டையைத்தான் பெரிசாக்கணும், அதுக்கும் யாரோ சேலை ஒட்டணும் என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தேன். சிரிப்பு பாதியில் வேறு மாதிரிப் போய்விட்டது.

அவள் உதடு தளர்ந்தது. கன்னம் தன்னிடத்துக்கு வந்தது. கண் நிறைய என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள், வெயில் அவள் முடியின் ஓரத்தில் நின்றது. எனக்கு அழுகை வந்துகொண்டிருந்தது, ஆனால் கை தன்பாட்டுக்குக் கமராவைத் தூக்கியது. தொழில் புத்தி அப்படி. எடுத்தேன். இத்தனை வருஷத்தில் நான் எடுத்த முகங்களில் அதுதான் சிறந்தது. அதை உங்களுக்குக் காட்ட முடியாது, எனக்கும் அது இப்போது நினைவில் மட்டும்தான் இருக்கிறது.

“சரியா வந்துருச்சு” என்று எழும்பினேன். சூரியன் மலை விளிம்பைத் தொட்டிருந்தது. விரிப்புகளைச் சுருட்டுவார்கள் என்று பார்த்தால், மணப்பெண் என் கையிலிருந்து கமராவை வாங்கினாள்.

“எதை அமத்துற அக்கா, இதையா? இப்ப நீங்க நில்லுங்க.”

“விடுங்க. உங்க வெயில் வீணாப் போகுது. இன்னும் ரெண்டு எடுத்துக்கலாம்.”

“எனக்குப் போதும். நில்லுங்க.”

“அப்படின்னா விரிப்பு எல்லாம் எதுக்குங்க? பாவம், அவங்களுக்குக் கை வலிக்கும். நான் சும்மாவே நிப்பேன்.”

“ஏன் சும்மா நிக்கிய? ஒங்களுக்கும் முடி ஈக்குதானே.”

மூலையில் ஆகப் பெரிய விரிப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற பெரியும்மா, “எங்கட கை இன்னும் ஒடயல்ல மகள். நீங்க அவுத்துட்டு நில்லுங்க” என்றார். மற்றவர்கள் சிரித்தபடி, தொய்ந்திருந்த விரிப்புகளை மறுபடி உயர்த்திப் பிடித்தார்கள்.

எனக்கு யார் பார்த்தால் என்ன. நான் முக்காடு போடுகிறவளும் இல்லை. ஆனாலும் அந்த மறைப்புக்குள் நின்று கொண்டையை அவிழ்த்தபோது உடம்பு இலேசானது. சால்வையை எடுத்துவிட்டேன். கழுத்தில் காற்றுப் பட்டது. எப்படி நிற்பது என்று எனக்கே தெரியவில்லை. ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கிறவள் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழித்தேன். அவள் ஒரே ஒரு தடவை அமத்தினாள். அடுத்ததற்குள் மலை வெயிலை எடுத்துக்கொண்டது.

அவளுடைய படங்களை மட்டும் திறந்து, திருத்த வேண்டியதைத் திருத்திக் கொடுத்துவிட்டு, வழக்கம்போலக் கார்டை அவள் கையில் வைத்துவிட்டு வந்தேன். பாலத்தைத் தாண்டும்போதுதான் உறைத்தது, என் படமும் அதற்குள்தானே இருக்கிறது. திரும்பிப் போய்க் கேட்க வெட்கமாக இருந்தது. விடிந்தால் கல்யாணம், அவர்களுக்கு ஆயிரம் வேலை. அதுவும் போனது என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் களைப்பில் அது பெரிய வருத்தமாகக்கூட இருக்கவில்லை.

ஒப்பரேசனுக்கு முதல்நாள், வார்டில் பார்வையாளர் நேரம். கணவர் வந்துவிட்டு மருந்துத் துண்டோடு வெளியே போயிருந்தார். யாரோ கட்டில் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று திரும்பினால் கறுப்பு அபாயாவில் மணப்பெண், கூட லாத்தா. கையில் மருதோண்டி பாதி மங்கியிருந்தது. அந்தக் கிழமை முடிவில் அவளுக்கு விமானம். தோடம்பழமும் பிஸ்கட்டும் மேசையில் வைத்துவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்து என் தலையணைக்குக் கீழே செருகினாள்.

“கடையில குடுத்து எடுக்கல்ல அக்கா. எல்லா கடையிலயும் ஆம்புளயள்தான் ஈக்கிற. லாத்தாட வூட்டு பிரிண்டர்ல எடுத்த. கலர் கொஞ்சம் பிழச்சிட்டு.”

“எங்க கடையிலயே குடுத்திருக்கலாமே. வீட்டுக்காரர் ஒரு நிமிஷத்துல எடுத்திருப்பாரு.”

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். “நீங்க முடிய அவுத்துட்டுல்லா நிண்ட. யாருக்குக் காட்டுற எண்டு நீங்கதானே செல்லணும். நீங்க எங்களுக்கு எப்பிடிச் செஞ்சீங்களோ, அப்பிடித்தான். கார்ட்டுலயும் அழிச்சிட்டன். வேற எங்கயும் இல்ல.”

எத்தனையோ வீடுகளில் நான் வாய்ப்பாடமாகச் சொல்லிவிட்டு வருகிற வார்த்தை அது. எனக்காக அதை யாராவது சொல்வார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. அவர்கள் போன பிறகு கவரைத் திறந்து பார்த்தேன். படம் கொஞ்சம் சாய்வாக எடுபட்டிருந்தது. உச்சந்தலை இலேசாக வெட்டுப்பட்டிருந்தது. நிறமெல்லாம் செம்மஞ்சளாக ஊறிப்போயிருந்தது. கழுத்துக் கட்டி அப்படியே தெரிந்தது. முடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், ஒரு களைத்த பொம்பிளை சிரித்துக்கொண்டு நின்றாள். என் முகம் அப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

ஒப்பரேசன் நடந்தது, எழும்பினேன். சில வாரங்கள் குரல் கட்டிப்போய், மணப்பெண்களுக்குக் கையால் சைகை காட்டித்தான் வேலை செய்தேன். பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. தினமும் விழுங்க ஒரு குளிசை, இடைக்கிடை கிளினிக். கழுத்தில் ஒரு தழும்பு.

வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் அந்தக் கவரைக் கணவரிடம் நானே கொடுத்தேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “சிவப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு” என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஸ்கேன் பண்ணிச் சரிசெய்து தரட்டுமா என்று கேட்பார் என்று பார்த்தேன். கேட்கவில்லை. அவரே அலுமாரியைத் திறந்து, என் சேலைகளுக்கு அடியில் அதைத் திரும்ப வைத்தார்.

களைப்பு அப்படியேதான் இருக்கிறது, சீசனும் அப்படியேதான் வருகிறது. ஆனால் பையை மூடும் நேரத்தில் யாராவது “அக்கா, இன்னொண்டு” என்று வந்து நின்றால், இருட்டிவிட்டது என்று சொல்வதற்கு முன் நான் ஒரு தடவை மலைப் பக்கம் திரும்பிப் பார்க்கிறேன். தங்கள் வெயிலில் கடைசிக் கொஞ்சத்தை எனக்குத் தந்துவிட்டு, அதற்கும் ஒரு மறைப்புப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பெண்களை மறந்துவிட்டு என்னால் அந்தக் கமராவைத் தூக்க முடியாது.